கிட்டடிதான், இப்ப வந்திடுவன்

விடியப்புறம் மூண்டு மணி. கட்டுவன் தாண்டி மயிலிட்டிப் பக்கம் இறங்கிற றோட்டு. அந்த நேரம் அதிலை நாய்கூட நிக்காது. நாய் நிக்கிறதெண்டால் வீடு இருக்கவேணும், வீட்டிலை ஒரு பிடி சோறு இருக்கவேணும். அங்கை இருக்கிறது சுவர் மட்டும்தான். ஆமி கனகாலம் பிடிச்சு வைச்சிருந்து விட்ட காணியள். கூரை இல்லை, கதவு இல்லை, சுவருக்கு நடுவிலை ஆலமரம் முளைச்சு நிக்கும்...

பிள்ளை பத்மாசினி, உந்தக் கதவைச் சாத்து. காத்துக்கு மெழுகுதிரி நூரப்போகுது. நாகேஸ்வரியக்கா, பயமெண்டால் இப்பவே கிட்ட வந்து இருங்கோ. பாதியிலை எழும்பி "முருகா" எண்டு கத்திக் கதையைக் குழப்பப்படாது. நீங்கள்தானே கேட்டனீங்கள். மூண்டு நாளா இந்த மடத்துக்கை அடைபட்டுக் கிடக்கிறம். சிதம்பரத்துக்கு வெளிக்கிட்ட சனம், காங்கேசன்துறையைத் தாண்ட ஏலாமல் நுளம்புக்கு ரத்தம் குடுத்துக்கொண்டு இருக்கு. கப்பல் நாளைக்கு, நாளைக்கு எண்டு சொல்லிச் சொல்லியே திருவாதிரை முடிஞ்சுபோம் போலை கிடக்கு. இப்ப கறண்டும் நிண்டுபோச்சு. தேவாரமும் ரெண்டு தரம் பாடியாச்சு. இனிப் பேய்க்கதைதான் மிச்சம்.

இது நான் இட்டுக்கட்டினதில்லை. என்ரை சிநேகிதன் அருட்செல்வன் இருக்கிறானெல்லே, அவன்ரை தங்கச்சி புருசனுக்கு நடந்தது. ஜெயசுதன் எண்டு பேர். பருத்தித்துறைப் பெடியன், முப்பத்தினாலு வயசு. கடல் ஆக்கள்தான். ஆனால் அவன் வளந்த காலத்திலை கடலுக்குப் போக ஆமியும் நேவியும் எங்கை விட்டவங்கள்? பாஸ் எண்டான், தடை எண்டான், கொஞ்சம் அங்காலை போனால் வெடி. கரையிலை நிண்டு கடலைப் பாத்தே வளந்தவன். அதாலை அவனுக்குள்ளை ஒரு அவா. ஒருக்கா... ஒரே ஒருக்கா... கரை தெரியாத இடத்துக்குப் போட்டு வரவேணும்.

அதுக்கு வழி போன வருசம் வைகாசியிலை வந்தது. தியாகராசா எண்டு ஒருத்தர், நோர்வேயிலை கனகாலம் இருந்தவர், மயிலிட்டிதான் பிறந்த இடம். பென்சன் எடுத்த கையோடை ஒரு பாய்ப்படகை வாங்கிக்கொண்டு வந்து மயிலிட்டித் துறையிலை கட்டிப்போட்டார். பினாங்குக்குப் போறதாம். பாய் விரிச்சுத்தான் போறதாம். மெசின் ஒண்டு இருக்கு, எண்ணெய் ரெண்டு நாளைக்குத்தான் காணும். மிச்சம் முழுக்கக் காத்து. அவரோடை யாகோப்பு எண்டு ஐம்பது வயசு மதிக்கத்தக்க ஒரு மீன்பிடிகாரர், அவரும் மயிலிட்டிதான். மூண்டாவது ஆளா ஜெயசுதன்.

அவன்ரை மனிசி தர்சிகாவுக்கு அப்ப வயித்திலை பிள்ளை. முதல் பிள்ளை, ஏழு வருசம் கோயில் கோயிலா நேந்து வந்த பிள்ளை. தர்சிகா அவனை மறிக்கேல்லை, ஒண்டு மட்டும்தான் சொன்னவ. "பிள்ளை பிறக்கேக்கை நீங்கள் வீட்டிலை நிக்கவேணும். அவ்வளவுதான்." அவன் தலையிலை கைவைச்சுச் சத்தியம் பண்ணினான். பிறக்க இன்னும் நாப்பது நாள் கிடக்கு. பயணம் பன்னிரண்டு, பதின்மூண்டு நாள். அங்காலை இருந்து பிளேன் ஏறினால் அடுத்த நாள் வீடு. கணக்குச் சரியாத்தான் இருந்தது.

காத்துத்தான் சரிவரேல்லை.

சோளகம், அதுதான் தென்மேல் காத்து, விழுந்தால் படகைக் கிழக்கை தள்ளிக்கொண்டு போகும். சோளகம் விழவேண்டிய நேரம் வந்தது தாழமுக்கம். வானொலியிலை காலமை சொல்லுவாங்கள் வங்காள விரிகுடாவிலை தாழமுக்கம், கடலுக்குப் போகவேண்டாம் எண்டு. அது போய் முடிய இன்னொண்டு. எங்கடை ஊரிலை நித்திரையிலை நெஞ்சிலை ஏறி இருக்கிற பேயை அமுக்குப்பேய் எண்டு சொல்லுவினமெல்லே? சனத்தைத் தாழ அமுக்கி வைச்சிருக்கிறதிலை ரெண்டும் ஒண்டுதான். ஒன்பது நாள் அப்பிடிப் போச்சு. பாயைக் கட்டுறதும் அவிழ்க்கிறதும், தண்ணிக் கானை ஏத்துறதும் இறக்கிறதும். தியாகராசா போனைப் பாத்துப் பாத்துப் பல்லைக் கடிப்பார். பின்னேரம் ஜெயசுதன் மோட்டச்சைக்கிளிலை பருத்தித்துறைக்குப் போயிடுவான், மனிசியோடை இருக்க. விடியப்புறம் போன் வரும், "காத்து மாறுமாப்போலை கிடக்கு, வாரும்." திரும்பவும் ஓடுவான்.

பத்தாம் நாள் அப்பிடித்தான் ஓடினான்.

தர்சிகா மழைக்கோட்டை எடுத்துக் குடுத்தவ. மஞ்சள் மழைக்கோட்டு. இடது கை கிழிஞ்சுபோய் அவவே கறுத்த ரேப் ஒட்டிக் குடுத்தது. மழை தூறல்தான். கட்டுவன் தாண்டினவுடனை றோட்டு லைற் இல்லை. தன்ரை சைக்கிள் வெளிச்சம் விழுற அளவுதான் உலகம். றோட்டு வளையிற ஒரு முடக்கு வரும், அதிலை பழைய பஸ் தரிப்பிடம் ஒண்டு. கூரை பறந்துபோச்சு. சனம் குந்தியிருக்கிற சீமெந்து வாங்கு மட்டும் கிடக்கு. முன்னாலை வெள்ளம் நிண்டபடியால் அவன் கியரைக் குறைச்சு மெதுவா விட்டான்...

முதல் வந்தது மணம். சுண்ணாம்பு மணம். புதுசா வெள்ளையடிச்ச வீட்டுக்கை போனால் மூக்கிலை ஏறுமெல்லே, அந்த மணம். சுத்திவர இடிஞ்ச சுவர்... ஆர் உதுக்கை வெள்ளையடிக்கிறது?

பிறகு சத்தம். டிக்... டிக்... டிக். இரும்பிலை இரும்பு தட்டுற சத்தம்.

வாங்கிலை ஒரு ஐயா இருந்தார். வெள்ளைச் சேட்டு, சாரம். காலுக்கிடையிலை ஒரு றங்குப்பெட்டி. கையிலை ஒரு திறப்பு, நீளத் திறப்பு, அந்தக் காலத்து வீட்டுப் பூட்டுக்குப் போடுற திறப்பு. அதாலை பெட்டியிலை தட்டிக்கொண்டு இருந்தார். தலையை நிமித்தி ஒண்டுதான் கேட்டார்.

"தம்பி... தூரமோ?"

இதிலை என்ன இருக்கு எண்டு கேப்பியள். ஒண்டும் இல்லை. வெளிக்கிடுற ஆளைப் பாத்து நாங்கள் "எங்கை போறாய்" எண்டு கேப்பமோ? கேட்டால் போற காரியம் பிழைச்சுப்போம். "தூரமோ?" எண்டுதான் கேக்கிறது. மறுமொழியும் பழக்கத்திலை இருக்கு. சிங்கப்பூருக்குப் போறவனும் வாசலிலை நிண்டு "கிட்டடிதான்" எண்டுதான் சொல்லுவான். தூரப்பயணத்தை வாய்விட்டுச் சொன்னால் கண்ணூறு. கடல் ஆக்களெண்டால் சொல்லவே தேவையில்லை. தியாகராசாவும் வெளியாலை ஒருத்தருக்கும் மூச்சுவிடக் கூடாதெண்டு சொல்லி வைச்சிருந்தவர்.

அவனும் வாய்க்கு வந்ததைச் சொன்னான். "இல்லை ஐயா, கிட்டடிதான். இப்ப வந்திடுவன்."

"அப்ப நான் பாத்துக்கொண்டு இருக்கிறன்" எண்டார். "வாரும்."

அவன் வெள்ளத்தைத் தாண்டிப் போட்டான். கொஞ்சத் தூரம் போனாப்பிறகுதான் நெஞ்சுக்குள்ளை ஒரு இடி. இந்த நேரத்திலை எந்த பஸ்ஸுக்கு இருக்கிறார்? அந்த றோட்டிலை பஸ் ஓடி எத்தினை வருசம்? திரும்பிப் பாக்கேல்லை. ஆனால் சைக்கிள் போட்ட சத்தத்துக்கு மேலாலை அந்த டிக்... டிக்... துறை வாசல் வரைக்கும் கேட்டது.

அண்டைக்கு வானம் துடைச்சுவிட்ட மாதிரி இருந்தது. காத்து எண்டால் அருமையான காத்து. அஞ்சு மணிக்குக் கயிறு அவிட்டாச்சு. தியாகராசா கண்ணாலை தண்ணி விட்டார். பருத்தித்துறைக்கு நேரை வரேக்கை ஜெயசுதன் கரையைப் பாத்துக் கையைக் காட்டினான், அங்கை தர்சிகா நிண்டிருப்பா எண்டு. கையைக் காட்டி முடியேல்லை... காத்து நிண்டுது. சும்மா நிண்டுது. பாய் தோய்ச்சுக் காயப்போட்ட சீலை மாதிரித் தொங்குது. மெசினைப் போட்டால் ரெண்டு தரம் இருமிப்போட்டு அதுவும் நிண்டுது, எண்ணெய்க்கை தண்ணியாம். நீரோட்டம் படகைப் பின்னாலை பின்னாலை கொண்டுவந்து, பொழுதுபட மயிலிட்டித் துறை வாசலிலை விட்டுது. ஆரும் இழுக்கேல்லை, கட்டேல்லை. தானா வந்தது.

கடலிலை இது நடக்கிறதுதான் எண்டு யாகோப்பு சொன்னார். சரி, நடக்கிறதுதான்.

ரெண்டு நாள் கழிச்சு அடுத்த போன். அதே மூண்டு மணி, அதே முடக்கு, அதே சுண்ணாம்பு மணம். இந்தமுறை அந்த ஐயா கேட்டது வேறை.

"வந்திட்டீரோ?"

அவன் என்ன சொல்லுவான்? "ஓம்" எண்டான்.

"இனித் தூரமோ?"

பயத்திலை நாக்கு ஒட்டிப்போச்சு. ஒட்டின நாக்கிலை வந்தது பழகின சொல்லுத்தான். "கிட்டடிதான் ஐயா. இப்ப வந்திடுவன்."

அந்தமுறை வெளிக்கிட்டது பின்னேரம். காத்து விட்டுக் குடுக்கேல்லை. வெளிச்சவீட்டு விளக்குப் பின்னாலை போய், பதிஞ்சு, கடலுக்கை அமிழ்ந்துபோச்சு. கரை இல்லை. நாலு பக்கமும் தண்ணி. அவன் சின்னனிலை இருந்து ஆசைப்பட்ட இடம். படகின்ரை முன்பக்கம், அணியத்திலை போய் இருந்து அழுதானாம், சந்தோசத்திலை. பிறகு தியாகராசா சுக்கானைப் பிடிக்க, இவன் கொஞ்சம் கண்ணயர்ந்திட்டான். யாகோப்பு தட்டி எழுப்பேக்கை விடிஞ்சுகொண்டு வருது. மனிசன் விரலை முன்னுக்கு நீட்டினார்.

முன்னுக்கு மயிலிட்டித் துறை.

தியாகராசா படகிலை இருந்த ஜிபிஎஸ் பெட்டிக்கை, வந்த வழியைக் கோடு போட்டுக் காட்டுற படத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறார். ராத்திரி முழுக்கக் கிழக்கை, கிழக்கை, அடிமட்டம் வைச்சுக் கீறினமாதிரி நேர்க்கோடு. எங்கையும் திரும்பேல்லை. நேர்க்கோட்டிலை போய்ப் போய், வெளிக்கிட்ட இடத்துக்கு வந்திருக்கினம். படிச்ச மனிசன், பெட்டி பழுது எண்டு சொல்லி நிப்பாட்டிவிட்டார்.

பிறகு எட்டு நாள் ஒரே மழை. எட்டு நாளும் அவன் மயிலிட்டியிலையே கிடந்தான், அந்த முடக்கைத் தாண்டி வீட்டை போகப் பயத்திலை. இஞ்சாலை கடல், அங்காலை அது. எலிப்பொறிக்கை இருக்கிற மாதிரி. தர்சிகா போனிலை கேக்கிறா, ஏன் வாறேல்லை எண்டு. என்னத்தைச் சொல்லுறது? பிள்ளை பிறக்கப் பத்தொன்பது நாள்தான் மிச்சம். "வெள்ளிக்கிழமைக்குள்ளை வெளிக்கிட ஏலாட்டில் விட்டிட்டு வாங்கோ" எண்டு சொல்லிப்போட்டு அழுதிருக்கிறா. விட்டிட்டுப் போகவும் அந்த முடக்காலைதானே போகவேணும்.

கடைசியிலை வியாழக்கிழமை இரவு யாகோப்புக்குச் சொன்னான். மனிசன் சுருட்டைப் பத்தவைக்காமல் கையிலை வைச்சுக்கொண்டு கேட்டார். பேய் எப்பிடி இருந்தது, கால் இருந்ததோ எண்டெல்லாம் கேக்கேல்லை. "நீ என்ன மறுமொழி சொன்னனீ?" எண்டு அதைத்தான் கேட்டார்.

"கிட்டடிதான், இப்ப வந்திடுவன் எண்டு..."

யாகோப்பு சுருட்டைக் காதிலை செருகினார். பிறகு சொன்னார். "எட தம்பி, தொண்ணூறிலை ஆமி அடிச்ச செல் விழ விழ இந்த ஊர் வீடு வாசலை விட்டு எழும்பேக்கை எல்லாச் சனமும் சொல்லிப்போட்டு வெளிக்கிட்டது உதைத்தான். கிட்டடிதான், ரெண்டு நாளிலை வந்திடுவம். என்ரை அம்மா சோத்துப் பானையை இறக்கி மூடி வைச்சிட்டெல்லே வந்தவ, வந்து சாப்பிடலாம் எண்டு. வரேல்லையே. மகளின்ரை கலியாணத்துக்கு வெள்ளையடிச்ச வீடெண்டு, பெண்டு பிள்ளையளை அனுப்பிப்போட்டுக் காவலுக்கு நிண்ட மனிசர் ஒராள் இருந்தவராம். பிறகு ஆரும் காணேல்லை. உவர்தானோ எண்டு எனக்குத் தெரியாது. ஆனால் நீ வருவன் எண்டு சொன்னால் உவர் பாத்துக்கொண்டுதான் இருப்பார். அவர் பாத்துக்கொண்டு இருக்கிற வரைக்கும் நீ சொன்ன சொல் உன்னைத் தூரம் போக விடாது."

"அப்ப என்ன செய்யிறது?"

"போய் உண்மையைச் சொல்லு" எண்டார் யாகோப்பு. "தூரம் எண்டு சொல்லு."

நல்ல எண்ணத்திலைதான் சொன்னவர். அந்த மனிசனை நான் பிழை சொல்லமாட்டன்.

வெள்ளிக்கிழமை விடியப்புறம் மூண்டு மணிக்கு ஜெயசுதன் தானாகவே அந்த முடக்குக்குப் போனான். சைக்கிளை நிப்பாட்டி, திறப்பை எடுக்காமல் அப்பிடியே விட்டிட்டு இறங்கினான். மழைக்கோட்டாலை தண்ணி வடியுது. கை கும்பிட்டபடிதான் நிண்டான், அவ்வளவு பயம்.

"ஐயா, நான் பொய் சொல்லிப்போட்டன். கிட்டடி இல்லை, தூரந்தான். சரியான தூரம். எனக்காகப் பாத்துக்கொண்டு இருக்காதையுங்கோ."

டிக் சத்தம் நிண்டுது. தவளைச் சத்தமும் நிண்டுது. சுண்ணாம்பு மணம் கண்ணை எரிச்சுது.

ஐயா கேட்டார், "வீட்டிலை ஆர் இருக்கினம்?" குரலிலை கோவம் ஒண்டும் இல்லையாம். களைச்சுப்போன குரலாம். மனிசி இருக்கிறா, வயித்திலை பிள்ளை எண்டு இவன் சொன்னான். "வீடு சொந்த வீடோ?" ஓம் எண்டான். "வெள்ளையடிச்சதோ?" இல்லை, இன்னும் அடிக்கேல்லை எண்டான்.

"நல்லது. தம்பி, கால் விறைச்சுப் போச்சு. ஒருக்கா எழும்பி நிக்கிறன். நீர் இதிலை இருந்து பெட்டியைப் பாத்துக்கொள்ளும்."

சொல்லுங்கோ பாப்பம், வயசுபோன மனிசன் பெட்டியைப் பாத்துக்கொள்ளெண்டு கேட்டால் நீங்கள் மாட்டன் எண்டு சொல்லுவியளோ? பஸ் ஸ்ராண்டிலை முகம் தெரியாத ஆளின்ரை பையைக்கூட நாங்கள் பாத்துக்கொள்ளுறதில்லையோ? அவனும் ஓமெண்டு இருந்திட்டான். சீமெந்து வாங்கு, மழையிலை நனைஞ்ச வாங்கு... ஆனால் குளிரேல்லை. இளஞ்சூடா இருந்ததாம்.

ஐயா எழும்பினார். முழங்கால் ரெண்டும் முறியிற சத்தம் கேட்டது. பெட்டியை விட்டிட்டார், திறப்பை மட்டும் மடியிலை செருகினார்.

"அப்ப... வாறன்" எண்டார்.

பாருங்கோ எங்கடை பாசையை. நாங்கள் போறன் எண்டு சொல்லமாட்டம். போறவனும் வாறன், வாறவனும் வாறன். பிள்ளையார் புண்ணியத்திலை உவர் விடைபெறுறார் எண்டு நினைச்சு, நெஞ்சிலை இருந்த பாரம் இறங்கி, ஜெயசுதன் முறைப்படி மறுமொழி சொன்னான். "ஓம் ஐயா, போட்டு வாங்கோ."

ஐயா நடந்துபோய் மோட்டச்சைக்கிளிலை ஏறினார். ஒரு உதையிலை சைக்கிள் வேலை செய்தது. பின் விளக்கின்ரை சிவப்பு வெளிச்சத்திலை அந்த முதுகைக் கண்டான்... வெள்ளைச் சேட்டும் இல்லை, சாரமும் இல்லை. அவன்ரை சேட்டு. அவன்ரை தலைமயிர் வெட்டு. கழுத்திலை அவன்ரை மச்சம். சைக்கிள் மயிலிட்டிப் பக்கம் போகுது, சிவப்பு வெளிச்சம் சின்னனாகிக்கொண்டு போகுது. இவன் எழும்பப் பாத்தான். எழும்ப ஏலேல்லை. பெட்டியைப் பாத்துக்கொள்ளுறன் எண்டு சொல்லியாச்சே.

ஓமக்கா, விளங்குது. அப்ப படகிலை போனது ஆர் எண்டுதானே கேக்கிறியள். பொறுங்கோ.

அண்டைக்கு விடிய அஞ்சு மணிக்குச் சோளகம் விழுந்தது. யாகோப்பு இப்பவும் சொல்லுவார், தன்ரை சீவியத்திலை அப்பிடி ஒரு காத்துக் காணேல்லை எண்டு. பதின்மூண்டு நாள், ஒரு சொட்டுப் பிசகில்லை, பினாங்கு. ஜெயசுதன் நல்லாத்தான் வேலை செய்தானாம். ஆனால் அணியத்துப் பக்கம் போகவே இல்லை. பின்னுக்கிருந்து வந்த வழியைத்தான் பாத்துக்கொண்டிருப்பானாம். ஒவ்வொருநாள் விடியவும் "வீடு தெரியுதோ?" எண்டு கேப்பானாம். அஞ்சாம் நாள் மழை பெய்யேக்கை, மழைக்கோட்டு எங்கை எண்டு தியாகராசா கேட்டிருக்கிறார். "அது அங்கை ஒராளிட்டை" எண்டானாம்.

பிளேனிலை திரும்பி வந்திட்டான். பிள்ளை பிறக்க நாலு நாளுக்கு முன்னம் வீட்டிலை நிண்டான். சத்தியம் பண்ணினமாதிரி. தர்சிகாவின்ரை சந்தோசத்தைப் பாக்கவேணும் எண்டு அருட்செல்வன் எனக்குப் போனிலை சொன்னவன். சொல்லிப்போட்டு "ஆனால்..." எண்டு இழுத்தான்.

"என்னடா?" எண்டன்.

ஒண்டுமில்லை, மச்சான் வந்த அடுத்தநாளே சுண்ணாம்பு வாங்குவிச்சு வீடு முழுக்க வெள்ளையடிச்சவர் எண்டான். பிறகு ஒவ்வொண்டாச் சொன்னான். இப்ப வாசலைத் தாண்டி ஒரு இடமும் போறேல்லையாம். கடைக்கும் இல்லை, கோயிலுக்கும் இல்லை, கடற்கரை கூப்பிடு தூரம், அங்கையும் இல்லை. இனி ஒரு இடமும் எழும்பமாட்டன் எண்டு சொல்லுறாராம். பிள்ளையிலை உயிராம், இரவு முழுக்கக் கண் முழிச்சுத் தொட்டிலுக்குப் பக்கத்திலை இருப்பாராம். தர்சிகா கிணத்தடிக்கு எழும்பினாலும் பின்னாலை இருந்து கேப்பாராம், "தூரமோ?" எண்டு. முந்தி அப்பிடிக் கேக்கிற பெடியன் இல்லை அவன். தலைகாணிக்குக் கீழை ஒரு பழைய திறப்பு வைச்சிருக்கிறாராம். அந்த வீட்டிலை அந்தத் திறப்புக்குப் பூட்டு இல்லை.

தங்கச்சி என்ன சொல்லுறா எண்டு கேட்டன். "நல்ல மனிசன் அண்ணை, ஒரு குறையும் சொல்ல ஏலாது" எண்டு சொல்லுறாவாம். சொல்லேக்கை அழுறாவாம்.

இது எனக்குத் தெரிஞ்ச ஒரு பாதி. அந்த முடக்கிலை நடந்தது மற்றப் பாதி. இவ்வளவு நேரம் வாயைப் பிளந்துகொண்டு கேட்டியள், அந்தப் பாதியை எனக்கு ஆர் சொன்னது எண்டு உங்களிலை ஒருத்தரும் கேக்கேல்லை.

மூண்டு நாளைக்கு முன்னம், விடியப்புறம் நாலு மணிக்கு இஞ்சை வந்து நிக்கவேணும் எண்டு சொன்னபடியால், கோப்பாயிலை இருந்து ரெண்டு மணிக்கே ஓட்டோ பிடிச்சனான். காங்கேசன்துறை றோட்டிலை வெள்ளம் எண்டு ஓட்டோக்காரன் கட்டுவன் பக்கத்தாலை திருப்பினான். அந்த முடக்கிலை தண்ணி ஏறி ஓட்டோ நிண்டுபோச்சு. அவன் பின்னாலை போய் மெசினைத் துடைச்சுக்கொண்டு நிக்கிறான், நான் காலை நனைக்காமல் அந்தச் சீமெந்து வாங்குப் பக்கம் ஒதுங்கினன்.

மஞ்சள் மழைக்கோட்டு. இடது கையிலை கறுத்த ரேப். மடியிலை றங்குப்பெட்டி.

நான் அந்தப் பெடியன்ரை கலியாணத்திலை சாப்பிட்டவன். எனக்கு முகம் தெரியாதோ? அவனுக்கும் என்னைத் தெரிஞ்சுது. எல்லாத்தையும் ஒரே மூச்சிலை சொன்னான், ஆரும் வந்து தன்ரை வாயை மூடிப்போடுவினம் எண்ட அவசரம் மாதிரி. சொல்லி முடிச்சுப்போட்டுக் கேட்டான்.

"அண்ணை, பிள்ளை பிறந்திட்டுதோ? என்ன பிள்ளை?"

பொம்பிளைப்பிள்ளை எண்டன். நடக்கத் தொடங்கிட்டுது எண்டன். தலையைக் குனிஞ்சுகொண்டான். மழையோ கண்ணீரோ, பெட்டிக்கு மேலை சொட்டிக்கொண்டு இருந்தது. அவன் என்னை இதிலை இருங்கோ எண்டு கேக்கேல்லை. வாய் ரெண்டு தரம் திறந்து மூடினது. ஆனால் கேக்கேல்லை. அதுதான் மூண்டு நாளா என்னைப் போட்டு அரிக்குது.

ஓட்டோ வேலை செய்திட்டுது. நான் ஓடிப்போய் ஏறினன். பின்னாலை இருந்து அவன்ரை குரல் வந்தது... தான் கேக்க விரும்பாமல் வாய் தன்பாட்டிலை கேக்கிறமாதிரி.

"அண்ணை... தூரமோ?"

அறுபத்தொரு வயசிலை, சிதம்பரத்துக்குக் கடல் தாண்டப் போற மனிசன், இவ்வளவு கதையும் கேட்டிட்டு, வாயை மூடிக்கொண்டு எல்லோ போயிருக்கவேணும். பழக்கதோசம். வாய்க்கு வந்ததைச் சொல்லிப்போட்டன்.

அண்டையிலை இருந்துதான் கப்பல் ஓடேல்லை. தாழமுக்கம் எண்டு அவங்கள் சொல்லுறாங்கள்.

ஏன் எல்லாரும் அங்காலை அரக்கி அரக்கி விலகிறியள்? நான் கணக்குப் போட்டுப் பாத்தன். இஞ்சை இருக்கிற முப்பது பேரும் திருவாதிரை பாக்கவேணும் எண்டால், ஒராள் போய் அந்தப் பெடியனுக்கு உண்மையைச் சொல்லத்தான் வேணும். போனால் இருக்கச் சொல்லிக் கேப்பான், இல்லாட்டில் கேக்கமாட்டான். கேட்டால் நான் இருப்பனோ... எனக்குத் தெரியேல்லை. நடக்கப் பழகிற பிள்ளை ஒண்டு அங்கை கிடக்கு.

இப்ப ரெண்டரை. மழையும் விட்டிட்டுது போலை. தனியப் போகத்தான் பயமாக் கிடக்கு. ஆராவது என்னோடை ஒருக்கா வாறியளோ?

தூரமில்லை. கிட்டடிதான். இப்ப வந்திடலாம்.